மொரப்பூர் பெரியம்மா ஜெயித்த ஞாயிறு

மொரப்பூர் பெரியம்மா இப்போதும் என்னைக் கண்டால் ‘நீதிபதியம்மா’ என்றுதான் கூப்பிடுவார். கேட்பவர்களுக்கு அது கிண்டல். எனக்கோ அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அரூரில் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கல்யாணமாகி அம்மா தருமபுரிக்கும் அவர் மொரப்பூருக்கும் போனபோது இருவரும் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் பழைய பாட்டுப் போட்டி. பாட்டின் ஆரம்ப இசை மட்டும் ஓடும். எது என்று கண்டுபிடித்து முதலில் பாடிவிட வேண்டும். தோற்றவர் அடுத்த ஞாயிறு ஜெயித்தவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஜெயித்தவர் வீட்டில் கறிச்சோறு. அப்பாவின் போனைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் குரல் தொடங்குவதற்குள் நிறுத்தி, யார் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொல்கிற பெரும் பொறுப்பு அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என்னுடையது.

தம்பி பிறக்கும்வரை இருவரும் மாறி மாறித் தோற்றார்கள். அவன் பிறந்த பிறகு பெரியம்மா மட்டுமே தோற்றார். வாராவாரம் அவித்த கடலைக்காய்ப் பையோடு எங்கள் மாடிப்படி ஏறி வருவார். பஸ் ஏறினாலே வாந்தியெடுக்கிற தம்பிக்கு இப்படி ஒரு ராசியா என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அவர் வர நேரமானது. எட்டிப் பார்த்தேன். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“நீ போ பாப்பா, பின்னாலயே வர்றேன்” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

போட்டி தொடங்கியது. முதல் பாட்டில் புல்லாங்குழல் ஒரு இழுப்பு இழுத்ததும் பெரியம்மா பாடிவிட்டார். அடுத்ததில் தபேலா விழுந்த உடனே பாடினார். அதற்கடுத்த பாட்டை நான் தொடங்கினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரம் தவறாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருக்கிறது! அவருக்குச் சாதகமாக நான் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டதாக அம்மா திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தேன்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மடியிலிருந்த தம்பியை அப்படியே கீழே உட்காரவைத்துவிட்டு எழுந்தார்.

“என்னாடி ஆச்சு உனக்கு? சொல்லுடி!”

“ஒன்னுமில்லடி. இந்த வாட்டி நான் ஜெயிச்சுட்டேன். அடுத்த வாரம் அல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்க.”

“டாக்டர் என்னாடி சொன்னாரு?”

பெரியம்மா கடலைக்காய்த் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார். “இருதயத்துல வால்வு சரியில்லையாம். ஆபரேசன் பண்ணனுமாம். அதுவரைக்கும் படி ஏறக்கூடாதாம், பஸ்ல அலையக்கூடாதாம்.”

அம்மா ஓவென்று அழுதார். குழம்பு கிண்டிக்கொண்டிருந்த அப்பா கரண்டியோடு வந்து பேயறைந்தவர் போல நின்றார். நான்தான் யாரைவிடவும் அதிகம் அதிர்ந்துபோயிருந்தேன். வால்வு என்றால் சைக்கிள் டியூபில் இருக்குமே, கடைக்காரர் பேசிக்கொண்டே மாற்றிவிடுவாரே, அதற்கா அழுவார்கள்? அம்மா அழுதது தோற்றதற்குத்தான். விளையாட்டில் தோற்றால் அழக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா!

அடுத்த ஞாயிறு மொரப்பூர் போனோம். தம்பி வழியிலேயே அம்மாவின் சேலையில் வாந்தியெடுத்தான். கட்டிலில் சாய்ந்திருந்த பெரியம்மாவுக்கு முன்னால் நான் பாட்டை ஓடவிட்டேன். அன்று காலை மாவாட்டும்போது அம்மா முழுசாகப் பாடிய அதே பாட்டு. அம்மா மோட்டுவளையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், தெரியவில்லை என்றார்.

“அம்மா! காலையிலகூடப் பாடினியே!” என்று கத்தினேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமினார். அதற்கடுத்த வாரமும் அம்மா தோற்றார். ஆபரேஷன் முடிந்து பெரியம்மா தேறி வந்துகொண்டிருந்த மாதங்களிலும், வாந்திக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்த் தோற்றுவிட்டு வந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அப்பாவைத் தனியாகப் பிடித்தேன்.

“அப்பா, அம்மாவுக்கு ஞாபகமே இல்லாம போயிட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அப்பா சிரித்தார். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினார்.

“அது இப்ப வந்ததில்ல பாப்பா. தம்பி பொறந்ததுலேர்ந்து உங்க பெரியம்மாவுக்கு இருந்துச்சு. இப்ப உங்கம்மாவுக்கு வந்திருக்கு.”

எனக்குப் பகீரென்றது. அப்படியானால் இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற வியாதி. எனக்கும் வந்துவிட்டால்? ஓடிப்போய் போனை எடுத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டு, குரல் தொடங்குவதற்குள் நிறுத்தி, எல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று அழுகையை அடக்கிக்கொண்டு பாடிப் பார்த்தேன்.