தண்ணீர் நின்றால் வீடு சுத்தம்

போன மாதம் டோல்கேட் மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாக்கா, உங்க வூட்ல பெயிண்ட் வேலை இன்னுமா முடியல? மூணு மாசமா அட்ச்சிகினே கீறாங்களாமே."

சல்மாவின் அம்மா. சல்மா என் மகளோடு பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குரூப் ஸ்டடி எப்போதும் அவர்கள் வீட்டில்தான். ஏன் ஒருநாளும் நம் வீட்டில் இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது புரிந்தது. எங்கள் வீட்டில் பெயிண்டரும் இல்லை, ஒரு டப்பா பெயிண்டும் இல்லை. தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட என் மகளுக்கு வெட்கம்... அவ்வளவுதான்.

"கொஞ்சம் பாக்கி இருக்கும்மா" என்று நானும் பொய் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை கண்ணில் நீர் முட்டிக்கொண்டே இருந்தது. மகளிடம் எதுவும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது?

எனக்கு ஏடிஎச்டி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருடம் டாக்டர் சொன்னதும் இந்தப் பத்தியில்தான் வந்து கொட்டினேன். புதிதாக வந்தவர்களுக்காக - கவனம் ஒரு இடத்தில் நிற்காது. ஹாலைப் பெருக்க ஆரம்பிப்பேன். சோஃபாவுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ கிடைக்கும். இது எதனுடையது? மிக்ஸியுடையதோ? மிக்ஸியைக் கவிழ்ப்பேன். அடியில் ஒரே பிசுக்கு. துடைக்கப் பழைய துணி தேடி பீரோவைத் திறப்பேன்... மத்தியானம் வந்து பார்த்தால் பீரோ துணியெல்லாம் கட்டிலில், துடைப்பம் ஹால் நடுவில், நான் பால்கனியில் மிக்ஸி வாரன்ட்டி கார்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.

இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். சோம்பேறி இவ்வளவு வேலை செய்வாளா?

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். டாக்டர் சொன்னதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை குட்த்தாங்களா, வெளக்கமாறு குட்த்தாங்களா?" நல்ல மனிதர். லீவு நாளில் அவரும் கூட்டித் துடைப்பார். ஆனால் இந்தத் துறைமுகத் தூசியில் ஒரு நாள் தரையை விட்டாலே உள்ளங்கால் கறுத்துவிடும். அதற்கு மேல் நான் கிளப்புவதையும் சேர்த்து ஒரு ஆள் எப்படிச் சமாளிப்பார்?

கீரைக்கடையில் இது நடந்த அதே வாரம் எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் காயில் போய்விட்டது. நாலு நாளைக்குப் பக்கத்து பில்டிங்கிலிருந்து பைப் போட்டு, காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் தண்ணீர் என்று செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் போட்டார். குரூப்பில் ஒரே புலம்பல். நான் ஆறு மணிக்குப் புடவையைத் தூக்கிச் செருகினேன். பாத்திரம், பாத்ரூம், கிச்சன், தரை... நடுவில் ஏதோ ஒரு மூடி காலில் இடறியது. இது எதனுடையது என்று கேட்க நேரமில்லை. ஏழு மணிக்குக் குழாய் காற்று விட்டபோது வீடு பளிச்சென்று இருந்தது.

எப்படி? யோசித்துப் பார்த்தேன். இதற்கு முன் பன்னிரண்டு வருடம் தண்டையார்பேட்டையில் லைன் வீடு. குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். அதற்குள் கழுவினால் கழுவியது, விட்டால் மறுநாள். அங்கே நான் சுத்தக்காரி என்று பெயர் வாங்கியவள். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருகிறதே என்று ஆசை ஆசையாய் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதும் கூடவே குடிவந்துவிட்டது. நேரம் நிறைய இருந்தால் எனக்கு வேலை ஓடாது. இந்தப் பத்தியைக்கூட ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் மோட்டார் சரியானது. குரூப்பில் எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். நான் மட்டும் போடவில்லை. கணவரிடம் போய், மொட்டை மாடியில் நம் வீட்டு வால்வை தினமும் காலை ஆறுக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடிவிடுங்கள் என்றேன்.

"இன்னாது? துட்டு குட்த்து ஃப்ளாட் வாங்கிகினு, வர்ற தண்ணிய நாமளே மூடிக்கிறதா? யாருனா கேட்டா இன்னா சொல்றது?"

"பொண்டாட்டிக்குப் பைத்தியம்னு சொல்லுங்க."

"அத்த தனியா வேற சொல்லணுமா?" என்றவர், வேலைக்குப் போகும்போது மூடிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆறு முதல் ஏழு. மற்ற நேரத்துக்கு ட்ரம்மில் பிடித்து வைத்தது. மூன்று வாரமாக ஹால், கிச்சன், பாத்ரூம் எல்லாம் சுத்தம். பெட்ரூம்? துணி மடிக்கத்தான் தண்ணீர் வேண்டாமே. அந்த மலை அப்படியே இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை பெட்ரூம் கதவைச் சாத்திவிட்டு, அந்த மலைக்கு நடுவில் கொஞ்சம் இடம் பண்ணி இதை எழுத உட்கார்ந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். மூன்று நான்கு பெண் குரல்கள். ஹாலில் நோட்டுகள் விழும் சத்தம். என் மகள் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள்!

"பாத்ரூம் எங்கடி கீது?" - சல்மாவின் குரல்.

"நேராப் போ. லெஃப்ட்ல கீற கதவ மட்டும் தொறக்காத. எங்கம்மாக்கு ஏடிஎச்டி, அந்த ரூம் கலீஜா கீது" என்றாள் என் மகள். மழை வருது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

"எங்கம்மா யாருனா வந்தா எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளிடும்" என்று சொல்லிக்கொண்டே சல்மா போனாள்.

வெளியே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் கதவைத் திறந்தால் எனக்கு முன்னால் துணி வெளியே போகும்... வாயைப் பொத்திச் சிரித்தபடி, ரெண்டு மணி நேரம் உள்ளேயே கிடந்தேன்.