செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பேசியது

மனசு சரியில்லாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களை வேலைக்கு எடுத்த தொண்டு நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அமைதியான அறை வேண்டும், இரண்டு நாற்காலி வேண்டும், மூன்றாவது காது இருக்கக் கூடாது. நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்குத் திரும்பியபோதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் ஒருவர் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து 'நூறு' என்பார்கள். வீடு என்பது ஒரே அறை. அதற்குள் மாமியார், நாத்தனார், டிவி, தண்ணீர்க் குடம் எல்லாம். அமைதியான அறைக்கு நான் எங்கே போவேன்?

நாங்கள் நான்கு பெண்கள். எல்லாரும் இந்தக் கரைக்காரர்கள்தான், இருபத்தைந்து வயதுக்குள். "நீ இன்னா டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். முதல் மாதம் ஒரு ஈ காக்கைகூட எங்களைத் தேடி வரவில்லை.

பிறகு ஒரு அக்கா. எங்கள் தெரு மருமகள். இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாதம். அடுப்புப் பக்கம் போனாலும் அலையைத் தடுக்கக் கொட்டிய கடலோரக் கல்லுக்குப் போனாலும் குழந்தையை உடனே மாமியாரிடம் நீட்டிவிடுவாள். "பெத்த புள்ளய தூக்க ஒடம்பு வணங்கல இவளுக்கு" என்று மாமியார் தெருவே கேட்க ஏசுவார். அப்புறம் இது ஏதோ பயம்தான் என்று அவரே முடிவு கட்டி, செவ்வாய்க்கிழமைதோறும் பாரிமுனைப் பக்கம் அந்தோணியார் கோவிலுக்குப் போய்வரச் சொன்னார். அம்மனைக் கும்பிடுகிற வீடுதான். ஆனால் பயத்துக்கு அந்தோணியார் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் பொது. "நீயும் கூட போய்ட்டு வாமே, சும்மாத்தானே சுத்திகினு கீற" என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்.

பெண்களுக்கான இலவச பஸ். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தை மாமியாரிடம். அக்கா ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹாரன் சத்தத்தில் முன் சீட்டுக்குக்கூட ஒன்றும் கேட்காது. இரண்டாவது வாரம், காசிமேடு தாண்டும்போது வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"கல்லு மேல நிக்கசொல்ல, என் கை தானா புள்ளய வுட்டுருமோன்னு தோணுதுமே. அடுப்பாண்ட போனாலும் அப்டித்தான். நான் இன்னா பொம்பள, சொல்லு."

இதைப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை பெற்றபின் சிலருக்கு இப்படி வேண்டாத நினைப்பு வரும், அதைக் கண்டு அவர்களே நடுங்குவார்கள், டாக்டரைப் பார்த்தால் சரியாகும். அப்படியே சொன்னேன்.

"பைத்தியம்னு பேரு வெச்சி புள்ளய புடுங்கிக்குவாங்கமே" என்றாள்.

யாருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்தேன். படிவத்தில் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண்தான் என்றேன். ஆறாவது செவ்வாய்க்கிழமை ஒருவழியாகச் சம்மதித்தாள். அடுத்த வாரம் வழியில் அரசு ஆஸ்பத்திரியில் இறங்குவது, டாக்டரைப் பார்த்துவிட்டுக் கோவிலுக்குப் போவது. அந்தோணியார் ஒன்றும் மாத்திரை சாப்பிடாதே என்று சொல்லமாட்டார் என்றேன். அக்கா சிரித்தாள். குழந்தை பிறந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இங்கேதான் ஆபீஸ் குறுக்கே வந்தது. சந்திப்புப் படிவத்தில் 'இடம்' என்ற கட்டத்தில் நான் 'பஸ்' என்று எழுதியிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் மேடம் சிவப்பு மையில் அடித்து அத்தனையையும் திருப்பி அனுப்பினார்.

"பஸ்ல எப்படிம்மா கவுன்சிலிங் பண்ணுவீங்க? பிரைவசி வேணாமா?"

"எங்க ஏரியாவுல பிரைவசியே அதுலதான் மேடம் கீது."

"விளையாடாதீங்க. வீடு, இல்லன்னா சென்டர். ரெண்டுல ஒண்ணு எழுதுங்க."

சென்டர் என்பது தெருமுனையில் 'மனநல ஆலோசனை மையம்' என்று ஆளுயர போர்டு மாட்டிய அறை. ஒருத்தி அதற்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் செய்தி நாலு குப்பம் தள்ளி நெட்டுக்குப்பம் வரை போய்விடும். எத்தனை தடவைதான் சொல்வது! மக்கள் பண்பாட்டோடு ஒட்டிய சேவை என்று நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். அந்தப் பண்பாடு பஸ் ஏறிப் போனால் மட்டும் சிவப்பு மை.

வாதாடி வாதாடி அலுத்து, ஆஸ்பத்திரிக்குப் போக இருந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, தொலையட்டும் என்று அந்தக் கட்டத்தில் 'வீடு' என்று எழுதி, பக்கத்திலேயே அக்காவின் கதவு எண்ணையும் போட்டுக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எழுதியது நான்தான்.

அன்று மத்தியானமே மேடம் அந்த வீட்டு வாசலில் நின்றார். கெட்ட எண்ணம் இல்லை. கை குழந்தையை விட்டுவிடுமோ என்ற பயத்தைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை மறுபடி படித்து, இப்போது கதவு எண்ணும் கிடைத்ததால் பதறிப்போய் வந்திருக்கிறார். கழுத்தில் அட்டை, கையில் ஃபைல். வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "உங்க மருமக எங்ககிட்ட கவுன்சிலிங்ல இருக்காங்க, குழந்தை பத்திரமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் குழந்தையைப் புளியந்தோப்புக்கு, நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அக்கா பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. வீட்டுக்கு ஓடினேன். "இன்னும் இன்னாத்த எய்தப் போற?" என்று மாமியார் கதவைச் சாத்தினார். ஆபீசில் போய்க் கத்தினேன். மேடம் அழுதுவிட்டார். அழுது என்ன பிரயோஜனம்? நாங்கள் நான்கு பேரும் அக்காவின் புருஷனிடம் போய் நின்றோம். "அவ நல்லா கீறான்னு டாக்டரு எய்திக் குடுக்கட்டும், புள்ளய இட்டாரேன்" என்றார். சரி, டாக்டரிடம் கூட்டிப்போகிறோம் என்றால், "அங்கலாம் போனா பைத்தியம்னு ஊரே பேசும், வேணாம்" என்றார். ஆத்திரமாக வந்தது எனக்கு. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா தானாகவே ஸ்டாப்பில் நின்றாள். கோவிலுக்கு மட்டும் போய்வர அனுமதியாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது. ராயபுரம் தாண்டியதும் நான் எழுந்துகொண்டேன்.

"அடுத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான்க்கா. எறங்கிடலாம், யாருக்கும் தெரியாது."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"எதுக்குமே?" என்றாள். "இப்போ அந்த பயமே வர்றதில்ல. புள்ளதான் இல்லியே."