எனக்கு ஒரு பாட்டு, அவளுக்கு நாலு ஆல்பம்

லீவியோ எங்கள் துறைமுக ஊரான ரியேகாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். ஏறுகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் அவனைப் பார்த்ததுமே ‘துறைமுகத்துப் பொண்ணு’ பாட்டை முணுமுணுப்பார்கள். எங்கள் ராக் குழு ஊரைக் கலக்கிய காலத்தில் அவன் எழுதிய பாட்டு அது. அந்தப் பெண் நான்தான். இது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

குழு உடைந்தது. கூடவே எங்கள் காதலும் உடைந்தது. நான் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், அவன் மிர்னாவைக் கட்டிக்கொண்டான். அதோடு விட்டிருந்தால் என் வயிறு எரிந்திருக்காது. தனியாக ஆல்பம் போட ஆரம்பித்தான். குரலும் கிதாரும் அவனே, வீட்டுச் சமையலறைதான் ஸ்டுடியோ. குழுவில் வாசித்தது போலவே பேஸ் கிதார் வாசிக்க மட்டும் என்னைக் கூப்பிடுவான். சூடு சொரணை இருந்தால் போயிருக்க மாட்டேன். போனேன்.

பதிவில் ஃபிரிட்ஜ் சத்தம் விழும் என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் பாட உட்காருவான். ஒருமுறை திரும்பச் செருக மறந்துபோய், மிர்னா வாங்கி வைத்திருந்த மத்தி மீன் அத்தனையும் நாறிவிட்டது. அவள் பாத்திரத்தோடு கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள்.

“இந்தா, இதையும் பாட்டாப் போடு. உங்க சங்கீதத்தைக் கேட்டு மீனு ரெண்டாந்தடவ செத்துப்போச்சு.”

போட்டானே! இரண்டாவது ஆல்பத்தில் அதுதான் மிக நல்ல பாட்டு. கோபித்துக்கொண்டு சந்தைக்குப் போகும் பெண்டாட்டியின் பின்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவனின் பாட்டு. முடி கொட்டியது, குரல் கட்டியது, பாட்டு மட்டும் ஆல்பத்துக்கு ஆல்பம் தேறிக்கொண்டே வந்தது. நான் பேஸ் வாசித்துக்கொண்டே பொருமினேன். என்னைப் பற்றிய பாட்டில் என்ன இருக்கிறது? கண், கூந்தல், கப்பல் புகை. எவளை நிறுத்தி வைத்தும் அதைப் பாடலாம். அவளுக்கோ நாறின மத்திக்குக்கூட ஒரு பாட்டு. மூன்றாவது ஆல்பம் முழுக்க அவளுடைய முழங்கால் வலி. அந்த வலிக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தவள் நான்!

நாலாவது ஆல்பம் வெளிவந்தபோது கோட்டை முற்றத்தில் ஒரு மாலைக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் மிர்னா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“இன்னைக்கு அந்தத் துறைமுகத்துப் பொண்ணு வேண்டாம் லீவியோ. அதப் பாடித் தொலைச்சா புதுசை எவன் கேப்பான்?”

“ஜனங்க கேட்டா பாடித்தானே ஆகணும்?” என்றேன்.

“ஜனங்களா, நீயா, லோரெதானா?”

“ஒத்தப் பாட்டு. அதுகூடவா உன் கண்ண உறுத்துது? நாலு ஆல்பம் வச்சிருக்கியே, போதாதா?”

“கிதாருக்குச் சுருதி சேக்கணும், என்னை விடுங்க தாயிங்களா” என்று லீவியோ நழுவினான்.

புதிய பாட்டுகளைக் கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒருவன், “துறைமுகத்துப் பொண்ணு!” என்று கத்தினான். உடனே எல்லோரும் கத்தினார்கள். லீவியோ தலையசைக்கும் முன்பே நான் பாட்டின் தொடக்கத்தை வாசித்துவிட்டேன். முதல் வரிசையில் இருந்த மிர்னாவின் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தேன், மனசு குளிர்ந்தது.

சுருதியைக் குறைத்துத்தான் பாடினான், அந்த உயரம் அவனுக்கு இப்போது எட்டாது. முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவது சரணத்துக்கு வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை. கிதாரை மட்டும் மீட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். மறந்துவிட்டான். பாவி, என் பாட்டையே மறந்துவிட்டான்.

அடியை எடுத்துக் கொடுக்கலாம் என்று மைக் பக்கம் நகர்ந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் காணாதவன் பெண்டாட்டியைப் பார்ப்பது போல நேரே முதல் வரிசையைப் பார்த்தான். மிர்னா உதட்டை அசைத்தாள். ஒரு சொல் பிசகவில்லை. என் கண்ணும் என் கூந்தலும் வரிசையாக அவள் வாயிலிருந்து வந்தன. அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்தே அவன் பாடி முடித்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இறங்கியதும் அவளிடம்தான் போனேன். “உனக்கு எப்படிடி இது மனப்பாடம்?”

“இத்தனை வருஷமா வயிறு எரிஞ்சு எரிஞ்சு கேட்டிருக்கேன். மறக்குமா?”

அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பேஸை உறைக்குள் வைத்து மூடினேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பாட்டு. இனி அதையும் அவன் அவளைப் பார்த்துத்தான் பாடுவான்.