யாரிடம் பிள்ளையைக் கொடுப்பது

மெல்பர்னில் நான் வேலை பார்க்கும் சைல்ட்கேருக்கு ஒரு நாள் சாயங்காலம் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பேத்தியைக் கூட்டிப்போக வந்தார். அதுவரை நான் பார்த்திராத முகம். அடையாள அட்டை கேட்டேன். காரில் விட்டுவிட்டேன் என்றார். எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மழையில் நனைந்துகொண்டு போய் எடுத்து வந்து காட்டிவிட்டு, "குட் ஆன் யூ" என்றார். நக்கல் பண்ணுகிறார், நாளைக்குப் புகார் வரும், வேலை போயிற்று என்றே நினைத்தேன். அது பாராட்டு என்பது என்னோடு வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் தெரியும். எங்கள் ஊர் உச்சிப்புளிப் பக்கம் ஒரு தாத்தாவிடம் இப்படிக் கேட்டிருந்தால், "எம்பேத்தியத் தூக்க ஓங்கிட்டச் சீட்டு காட்டணுமாக்கும்?" என்று தெருவையே கூட்டியிருப்பார்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மெல்பர்னில் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துச் சம்பாதிக்கும் எனக்கு, என் பிள்ளையை அப்படி ஒரு இடத்தில் விட்டு வளர்க்கக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்காரருக்குக் சரக்குக் கிட்டங்கியில் ராத்திரி வேலை, எனக்கு விடிந்தால் வேலை. மகன் கதிர் நடை பழகியதும் ஊரில் என் அண்ணன் பெண்டாட்டி செல்வி மதினியிடம் விட்டுவிட்டு வந்தோம். நம்மவர்களில் பாதிப் பேர் செய்வதுதான். ஆனாலும் விமானத்தில் மாரில் பால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மதினிக்கு இருபது வருஷமாகப் பிள்ளை பார்ப்பதுதான் தொழில். எங்கள் கரையில் பெண்கள் விடியுமுன் வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போவார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாளெல்லாம் தண்ணீருக்குள் முங்கி எழுகிறவர்களுக்கு, பிள்ளைக்கு ஒன்று என்று போன் போட்டால் கேட்குமா? போகிற வழியில் பிள்ளையை மதினி வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். இப்போது அரசாங்கம் கெடுபிடியாகிவிட்டது. பிள்ளைக் காப்பகம் என்றால் லைசென்ஸ் வேண்டும், ஆய்வில் தேறவில்லையென்றால் பூட்டு. மதினி வீட்டைப் பூட்டினால் அந்தப் பெண்கள் பிள்ளையைக் கரை மணலில் விட வேண்டும், இல்லை கடலை விட வேண்டும். நானோ வேலையை விட வேண்டும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று அண்ணன் சொன்ன அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஊரில் போய் இறங்கியதிலிருந்து எனக்கும் மதினிக்கும் மல்லுக்கட்டுத்தான். அடுப்பங்கரைக்குக் கம்பிக் கதவு போட்டேன். கிணற்றுக்கு மூடி, தீயணைப்பான், வாசலுக்கு உள்தாழ்ப்பாள் வைத்த கேட்.

"ஏத்தா, இது பிள்ளைக இருக்க எடமா, செயிலா?" என்றாள் மதினி.

"ஜெயிலுக்குப் போகாம இருக்கத்தான் மதினி இம்புட்டும்" என்றேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஒன்றில் மட்டும் மசியவில்லை. பிள்ளையைக் கூப்பிட யார் வந்தாலும் மதினி ஆளைப் பார்க்க மாட்டாள், பிள்ளையைத்தான் பார்ப்பாள். வாசலில் இறக்கிவிடுவாள். தானாக ஓடினால் அனுப்புவாள். காலைக் கட்டிக்கொண்டால் கதவைச் சாத்திவிடுவாள். ஒரு தடவை குடித்துவிட்டு வந்த தகப்பன் ஒருவன் அரிவாளை எடுக்காத குறையாகக் கத்தியும், தாய் கரை ஏறி வரும்வரை பிள்ளையைக் கொடுக்கவில்லை. "அதை ஆபீசர்கிட்டச் சொல்லிறாதீங்க மதினி. பேரு, போட்டோ, அட்டை, இது மூணையும் பாத்துத்தான் விடுவேன்னு சொல்லுங்க" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தேன்.

ஆய்வுக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. சிரிக்கவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்று மூடியைக் காலால் மிதித்துப் பார்த்தார். கடைசியில் மதினியைப் பார்த்து, "பிள்ளையை யார்கிட்ட எப்படி ஒப்படைப்பீங்க?" என்றார்.

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வாசலில் இறக்கிவிடுவதிலிருந்து அத்தனையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். போச்சுடா என்று தலையில் கை வைத்தேன்.

"பெத்தவங்களே வந்தாலுமா?"

"பெத்தவுகளே வந்தாலுந்தான் மேடம்."

"எங்க, செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டப் பெற்றவர் வேண்டுமே. எல்லோரும் கடலில் கிடந்தார்கள். அங்கே இருந்த ஒரே தாய் நான்தான். மதினி முகம் மாறிவிட்டது. "இப்ப வேணாம் மேடம், அவன் தூக்கக் கலக்கத்துல இருக்கான்" என்று மழுப்பினாள். எனக்குத்தான் வீம்பு. வாங்கி வந்த ரயில் பொம்மைக்கு முதல்நாள்தான் என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கு வெளியே போய்க் குத்தவைத்துக் கையை நீட்டினேன்.

"கதிரு, அம்மாட்ட வா சாமி."

என்னைப் பார்த்தான். ரெண்டடி வந்தான். நின்றான். திரும்பி ஓடி, "அத்தே" என்று மதினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மதினியின் கை அவன் முதுகுக்குப் போனது. லேசாகத் தள்ளிவிட்டிருந்தால் வந்திருப்பான், என் மானமும் தப்பியிருக்கும். தள்ளிவிடு மதினி, தள்ளிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்தக் கை அவனை இழுத்து அணைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் தளும்ப, நான் வாங்கி மாட்டிய கேட்டை என் முகத்துக்கு நேரே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் அங்கனயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அதிகாரி இருக்கிறாரே என்றெல்லாம் தோன்றவில்லை.

அந்த அம்மாள் வெளியே வந்து ஒரு நிமிஷம் என் பக்கத்தில் நின்றார். "உங்க மதினி செய்றது சரிதான். ஆனா பேச்சு வராத கைப்பிள்ளை யாரைப் பாத்தாலும் தாவும். அதனால அட்டையும் பாக்கணும். ரெண்டும் இருந்தா லைசென்ஸ் தரலாம்" என்றார். வரம் கிடைத்ததுபோல் மதினி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கிளம்பிய அன்று, விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி கதிர் அவள் இடுப்பிலிருந்து சந்தோஷமாக டாட்டா காட்டினான்.

லைசென்ஸ் வந்துவிட்டது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை மதினி போன வாரம் வீடியோவில் காட்டினாள். போனை வைக்கும்முன் கொஞ்சம் தயங்கினாள்.

"ஏத்தா, தப்பா நெனைக்காத. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆரு ஆரு வந்து கூப்புடலாம்னு போட்டோ ஒட்டி வைக்கணுமாம். கதிருக்கு ஒங்கண்ணனும் நானும் இருக்கோம். ஓம்போட்டோ ஒண்ணு அனுப்பு."

மறுநாள் வேலை இடத்திலேயே எடுத்தேன். பிள்ளைகளின் முகம் படத்தில் விழக்கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் எல்லாரும் வெளியே விளையாடப் போகும்வரை காத்திருந்து சுவரோரம் நின்று எடுத்தேன். சீருடையில், சிரித்தமாதிரி. அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன், எனக்குப் பின்னால் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். அதில் கதிர் இல்லை.