மேல்வீட்டுப் பாட்டு

சுவிஸின் ஓல்டன் நகரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு சுவிஸ் தாதி இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் ஒரே பாட்டைத்தான் போடுவார். தொண்ணூறுகளில் ஏதோ ஒரு ரொக் குழு அந்தப் பாட்டுக்காகவே வெளியிட்ட சின்ன சிடி அது.

எனக்கு இங்கிலீசும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. ஆனாலும் அது மனதில் ஒட்டிக்கொண்டது. சுற்றி வளைக்காது. எடுத்த எடுப்பிலேயே சொல்ல வந்ததைச் சொல்லி, தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும். அந்த மேளக்காரனின் கை எங்கள் கோயில் தவில்காரருக்குக் குறைந்ததில்லை.

"பாடுற பெடியனுக்கு என்ன குறையாம், இப்பிடிக் கத்திறான்?" என்பாள் மனைவி, சோறு வடித்தபடி.

நான் பின்னேரம் உணவகச் சமையலறைக்கு வேலைக்குப் போகிறவன். அதனால் எங்கள் வெள்ளிக்கிழமைப் பூசை மத்தியானத்தில்தான். மணி அடித்து, தாளம் போட்டு, வாய்விட்டுத் தேவாரம் பாடிப் படைத்த பிறகே சாப்பாடு. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை இந்த நாட்டில் சத்தம் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. முருகனுக்கும் ஒருவரும் சொல்லவில்லை போலும்.

ஒரு வெள்ளி, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்வார்ட் வந்து கதவைத் தட்டினார். மத்தியானச் சத்தம் பற்றிக் கீழ்வீட்டார் முறையிட்டார்களாம். இன்னொரு தரம் சத்தம் கேட்டால் வீட்டுக்காரருக்கு எழுதுவாராம். தமிழருக்கு வீடு கொடுக்க ஆட்கள் யோசித்த காலம். இதுவும் போனால் பிள்ளைகளோடு எங்கே போவது?

ஆண்டவன் ஏதாவதொரு உருவில் வருவான் என்பார்கள். அன்று வீட்டுச் செருப்போடு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தான். அந்த நேரத்தில் தன் பாட்டும்தான் சத்தம், எழுதுவதென்றால் தன் பெயரையும் சேர்த்தே எழுதட்டும் என்றார் தாதி. அப்வார்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மணிக்குப் பிறகு என்னவும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி என்னிடம் தாதிக்கு மோதகம் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோன இடத்தில், எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊர் டொச் மொழியில், அந்தப் பாடகன் என்னதான் சொல்கிறான் என்று கேட்டேன். தாதி சொன்னதை வந்து மனைவிக்குச் சொன்னேன்.

"தன்னை விட்டிட்டுப் போகவேண்டாமாம். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறானாம்."

அவள் சாமிப்படத்தடியில் விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"அப்ப கத்தத்தானே வேணும்."

அதற்குப் பிறகு, வெள்ளிகளில் ஒரு மணி அடித்ததும் முதலில் மேலே பாட்டுக் கேட்கும். அது முடிந்த பிறகுதான் நான் பூசைமணியைக் கையில் எடுப்பேன்.