தெளிஞ்சிருச்சு

2014 செப்டம்பர் 8: 60 குப்பிகள். கழித்தவை 60.
2014 செப்டம்பர் 29: 60 குப்பிகள். கழித்தவை 22.
2014 அக்டோபர் 20: 48 குப்பிகள். கழித்தவை 3.
2014 நவம்பர் 10: 48 குப்பிகள். கழித்தவை 48.

நான்காவது வரியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் குப்பிகளில் இருந்த மருந்தைச் செய்தவரை ஆய்வகத்தில் எல்லோரும் ‘குலுக்காதே’ என்றுதான் கூப்பிட்டார்கள். குப்பியை யார் கையில் எடுத்தாலும் அவர் வாயில் முதலில் வரும் சொல் அது. குலுக்கினால் நுரைத்துவிடும், மெல்லச் சுழற்ற வேண்டும். அவருக்கோ ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. மூடிய குழாயை மறுபடி மூடுவார், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். “மருந்தைக் குலுக்காதேன்னு சொல்ற, நீ மட்டும் நாள் பூரா குலுங்கிக்கிட்டே இருக்கியேம்மா” என்பார் குளிரறையைப் பார்த்துக்கொள்பவர்.

அந்த மருந்து புற்றுநோய்க்கானது. தண்ணீரில் கரையாது, கரையாததை நரம்பில் ஏற்ற முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. பாலிமர் இழை ஒன்றின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். தண்ணீரில் விட்டால் இழைகள் வெறுக்கும் முனைகளை உள்ளே மறைத்து, விரும்பும் முனைகளை வெளியே நீட்டி, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். அதுதான் மிசெல். அதன் வயிற்றுக்குள் மருந்து பதுங்கி ரத்தத்தில் பயணம் போகும்.

இதை ‘குலுக்காதே’ தன் வீட்டில் விளக்கியபோது அவருடைய அண்ணி சொன்னார்: “வெளியில சிரிச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற கூட்டமா? உங்க வீட்டு ஆளுங்கன்னு சொல்லு, புரிஞ்சுக்கறேன்.”

அண்ணிக்கும் புற்றுநோய்தான். பழைய மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு முட்டியது. புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் இரண்டாம் குழுவில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. நவம்பர் 10, திங்கட்கிழமை காலை முதல் முறையாக ஏற்றுவதாக இருந்தது.

குப்பியில் இருப்பது பொடி. தண்ணீர் விட்டால் கண்ணாடிபோல ஆக வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்கவும் வேண்டும். கலங்கினால் மருந்து உருண்டையை விட்டு வெளியே விழுந்துவிட்டது என்று பொருள். சனிக்கிழமை மாலை மூன்று குப்பிகளில் அவரே தண்ணீர் விட்டுச் சுழற்றிப் பார்த்தார். குறையில்லை. ஞாயிறு மாலை மறுபடி பார்க்க வேண்டும். அன்று அண்ணியோடு மருத்துவமனையில் இருந்ததால் குளிரறைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வராந்தாவில் நடந்தபடி போன் செய்தார்.

“அண்ணே, எப்படி இருக்கு?”

“நல்லா தெளிஞ்சிருச்சும்மா. கண்ணாடி கணக்கா இருக்கு.”

“அப்பாடா. வச்சுடறேண்ணே.”

குளிரறைக்காரர் மேலே ஏதோ சொல்ல வருவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். ‘சரி’ என்று ஆய்வகத் தலைவருக்குச் செய்தி போயிற்று. விடியற்காலையில் பெட்டிகள் மருத்துவமனைக்குப் போயின.

திங்கட்கிழமை காலை பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சொல் அவரைக் குத்தியது. தெளிஞ்சிருச்சு. சனிக்கிழமையே தெளிவாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெளியும்? கலங்கியதுதானே தெளியும்? நடுவழியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்கு ஓடினார்.

மூன்று குப்பிகளிலும் மேலே பளிங்குத் தண்ணீர். அடியில் சுண்ணாம்பு படிந்ததுபோல வெள்ளை வண்டல்.

“அடியில கொஞ்சம் தங்கியிருக்குன்னு சொல்ல வந்தேன், நீதான் வச்சுட்டியேம்மா” என்றார் குளிரறைக்காரர். இந்த வேலைக்கு வருமுன் வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர். அவருக்கு வண்டல் இறங்கினால் தெளிந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனை மருந்தாளரைப் போனில் பிடித்தார்.

“தண்ணி விட்டாச்சு மேடம். தெளிவாத்தானே இருக்கு?”

“இப்ப இருக்கும். நேரம் ஆக ஆக உதிரும். நிறுத்துங்க.”

“வாய் வார்த்தைக்கு நிறுத்த முடியாதுங்க. உங்க தலைவர் எழுதி அனுப்பட்டும்.”

தலைவர் விமானத்தில் இருந்தார். அடுத்த அழைப்பு அண்ணிக்கு.

“அண்ணி, ஊசி குத்தியாச்சா?”

“நர்ஸம்மா நரம்பு தேடிட்டு இருக்காங்க. கிடைக்கல. என்னடி மூச்சு வாங்குது உனக்கு?”

“வேணாம்னு சொல்லுங்க. கையை இழுத்துக்கோங்க.”

“நீ செஞ்ச மருந்துதானே?”

“நான் செஞ்சதுதான். அதான் சொல்றேன்.”

“நாத்தனார் பேச்ச இதுவரைக்கும் கேட்டதில்ல. ஒரு நாளைக்குக் கேட்டுத்தான் பாப்போமே” என்று அண்ணி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

மற்றவர்களின் முறை வருமுன், மதியம் தலைவரின் கடிதம் போய், அவர்களுக்கும் ஏற்றாமல் நிறுத்தினார்கள். ஒருவருக்கும் கேடு வரவில்லை. ஆனால் மற்றவர்களை நிறுத்தியது மருத்துவமனை. அண்ணி மட்டும் தன் வாயால் வேண்டாம் என்றவர். தாளில் அவரை ‘தானாக விலகியவர்’ என்று எழுதிவிட்டார்கள். விலகியவரை மறுபடி சேர்ப்பதில்லை என்று சோதனைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குழுவிடமிருந்து டிசம்பர் 2 அன்று முதல் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு நாத்தனாருக்குத் தூக்கம் போயிற்று. சோறு தட்டில் ஆறிப்போகும்; அவர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். “உக்காருடி, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது. நோயாளி நானா நீயா?” என்று அண்ணி அதட்டுவார். ஸ்கேன் படத்தில் கட்டி பழைய அளவிலேயே இருந்தது. எத்தனை நாள் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நடந்ததை விளக்கச் சொல்லி ஜனவரியில் இரண்டாம் கடிதம் வந்தது.

“போன் சரியா கேக்கலன்னு எழுதிடும்மா. யாருக்கும் நஷ்டமில்ல” என்றார் தலைவர்.

“நல்லாத்தான் கேட்டுச்சு சார். எனக்கு வேண்டியது காதுல விழுந்துச்சு.”

அப்படியே எழுதினார். சொன்ன சொல் என்ன, தான் கொண்ட பொருள் என்ன, அண்ணி மறுத்தது யார் சொல்லி என்று எதையும் விடவில்லை. அந்த வேலையில் ‘சரி’ சொல்லும் உரிமை அவரிடமிருந்து போயிற்று. புதிதாக வாங்கிய பாலிமரில் தண்ணீரை வெறுக்கும் பக்கம் குட்டையாக இருந்ததுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, அடுத்த தொகுதியை அவரே செய்தார். வேறொருவர் பார்த்துக் கையெழுத்திட்டார். அது ஒரு நாள் முழுக்கக் கலங்காமல் நின்றது. அந்தக் குப்பிகளில் ஒன்று அண்ணிக்கு உண்டா என்பது மட்டும் தெரியவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்புமுன் அவர் வாசலில் நிற்பார்.

விலகியவர் என்பதை அடித்துவிட்டு அண்ணியை மூன்றாம் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன கடைசிக் கடிதம் வந்தது 2015 பிப்ரவரி 19, வியாழக்கிழமை.