பாதுகாப்பு அதிகாரியின் தனி மேசை

என் அக்காவின் கணவர் சொல்லும் கதையில் வருடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எண்பத்தொன்பது என்பார், இன்னொருமுறை தொண்ணூற்றிரண்டு. தேதி விஷயத்தில் நான் கறாரானவன். திருத்தினால், "நீ என்ன சென்சஸ் எடுக்க வந்தியாடா?" என்று கேட்பார். அத்திம்பேரை எனக்குப் பிடிக்காது. அக்கா கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. கீழே வருவது எதுவும் நடுநிலையானது இல்லை என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவர் கிழக்குக் கரையில் ஒரு ராணுவ ஏவுதளத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஏவப்பட்ட ராக்கெட் பாதை விலகினால், மீன்பிடிப் படகுகள் மேலோ கரையோர ஊர் மேலோ விழுவதற்குள் அதை வானத்திலேயே வெடிக்கச் செய்வது அவர் வேலை. அதற்கான பொத்தானை அழுத்த அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அழுத்தாதே என்று சொல்ல இயக்குநருக்குக்கூட அதிகாரம் இல்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏவும் பணி தொடங்கிவிட்டால் பாதுகாப்பு அதிகாரி இயக்குநரோடும் அவர் குழுவோடும் சேர்ந்து சாப்பிட மாட்டார். மெஸ்ஸின் மூலையில் அவருக்குத் தனி மேசை. பிறருடைய பல வருட உழைப்பை ஒரு நொடியில் பொசுக்க வேண்டியவன், அவர்களோடு தோள் உரசிச் சாம்பார் சாதம் சாப்பிட்டால் விரல் தயங்கும்.

"அந்த ஒரு தயக்கம் போறும்டா, ஒரு ஊரே போயிடும்" என்பார் அத்திம்பேர். வருடம் மாறுமே தவிர மேசை மாறாது. வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்களில் இதைக் கேட்காதவர்கள் இல்லை.

அவருடைய ஒரே மகள் வக்கீல். விண்வெளிச் சட்டம் படித்தவள். சென்ற ஆண்டு ஒரு குழுவில் அவளைச் சேர்த்தார்கள். ராணுவம் விண்வெளியில் செய்யும் காரியங்களுக்குப் பாதுகாப்பு விதிகளை எழுதித் தரும் குழு. தனியார் ராக்கெட் விட வேண்டுமென்றால் உரிமம், ஆய்வு, காப்பீடு எல்லாம் உண்டு. ராணுவம் விட்டால் என்ன என்பதுதான் கேள்வி. 2019 மார்ச் இருபத்தேழு, புதன்கிழமை, நம் செயற்கைக்கோளை நாமே ஏவுகணையால் அடித்து நொறுக்கினோம். துண்டுகள் சில வாரங்களில் விழுந்து எரிந்துவிடும் என்றார்கள். சில அதன்பிறகும் மாதக்கணக்கில் சுற்றின. அன்று அத்திம்பேர் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார்.

குழுவின் வரைவில் ஒரு விதி இருந்தது. ராணுவ ஏவல்களுக்கு, ஏவும் பிரிவே தன் பாதுகாப்புச் சான்றிதழையும் தரலாம். இதை அவள் ஒருத்திதான் எதிர்த்தாள். சான்றளிப்பவர் ஏவுபவரின் அதிகாரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்றாள். குழுத் தலைவர், அத்திம்பேர் இருந்த ஏவுதளத்தின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம நாட்டுல அப்படி ஒரு பிரிவினையே இருந்ததில்லை, எல்லாரும் ஒரே குடும்பமா வேலை பார்த்தோம்" என்று சொல்லிவிட்டார். அங்கே பணியில் இருந்த ஒருவர் அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக எழுத்தில் தந்தால் விதியை மாற்றலாம் என்றும் சொன்னார். தர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அறுபத்துமூவர் உற்சவம் முடிந்த மறு ஞாயிறு, அடையாறில் அக்கா வீட்டில் சாப்பாடு. மகள் அப்பாவிடம் கேட்டாள்.

"ரெண்டு பாரா போறும்பா. ரகசியம் எதுவும் வேண்டாம். தனி மேசையில சாப்பிட்டேன், இன்ன காரணத்துக்குன்னு மட்டும் எழுதிக் குடு."

"ராணுவம் என்ன மாம்பலத்துல ஃபிளாட்டா கட்டறது, கார்ப்பரேஷன்ல பிளான் பாஸ் பண்ண?"

"மேலேர்ந்து விழற இரும்புக்கு அது ராணுவமா கம்பெனியான்னு தெரியாதுப்பா."

"உனக்குத் தெரியறதா? இந்த மாதிரி வாய்க்குத்தான் வெளிநாட்டுக்காரன் சம்பளம் குடுக்கறான்."

"எனக்கு யாரும் குடுக்கலை. கமிட்டியில காபிதான் குடுக்கறா, அதுவும் ஆறிப்போயிருக்கு."

"நான் சத்தியப் பிரமாணம் பண்ணினவன். வாயைத் திறக்க முடியாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பூங்காவில திறந்த வாய் இங்க மூடிண்டுடுத்தா அத்திம்பேர்?" என்றேன்.

"பெரியவா பேசறச்சே நீ வத்தக்குழம்பைப் பாருடா. உன்னை மாதிரி தேதி எழுதிண்டு வாழ்க்கையை ஓட்டினவன் இல்லை நான்."

அக்கா எங்கள் இருவர் தட்டிலும் அப்பளத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். சமாதானம் செய்ய அவள் முயலவில்லை, முயன்று அலுத்துப்போயிருந்தாள்.

வைகாசியில் தி. நகரில் ஒரு கல்யாணம். தூரத்து உறவு. குழுவின் கடைசிக் கூட்டம் அதற்கு அடுத்த வாரம். முன்னாள் இயக்குநர் நங்கநல்லூரிலிருந்து பெரிய அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். பந்தியில் நானும் என் மருமாளும், அதாவது அக்கா மகளும், அவருக்கு எதிர் வரிசை. அத்திம்பேர் உள்ளே நுழைந்ததும் அவர் கூப்பிட்டார்.

"ஓய், இங்க வாரும். பக்கத்துல இலை காலியா இருக்கு."

அத்திம்பேர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேரே போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தார்.

இயக்குநர் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களிடம் சிரித்தார். "பாருங்கோ, ரிட்டையர் ஆயும் இந்த மனுஷன் என் பக்கத்துல உக்கார மாட்டார். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் என்னோட ஒரு வாய் காபி குடிச்சதில்லை. சேஃப்டி ஆபீசராம், எங்களோட ஒட்டிக்கப்படாதாம். மூலையில ஒரு மேசையைப் போட்டுண்டு, பத்தியக்காரன் மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். மருமாள் சிரிக்கவில்லை.

"மாமா, கமிட்டியில அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னேளே?"

அவர் அப்பளத்தை உடைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது கமிட்டி. இது கல்யாணம். பாயசம் வரது பாரு."

அவள் சாப்பாட்டின் நடுவில் எழுந்தாள். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் எழுவதில்லை. பரிமாறுகிறவர் வாளியோடு நின்றுவிட்டார். நேரே கடைசி இலைக்குப் போனாள். நானும் எச்சில் கையோடு எழுந்து பின்னால் போனேன், எதற்கென்று தெரியாமல்.

"கேட்டியாப்பா? அவரே அத்தனை பேர் நடுவுல சொல்லிட்டார். இப்பவாவது எழுதிக் குடு."

"அவர் விளையாட்டுக்குச் சொன்னார்."

"நீயும் விளையாட்டுக்கா இங்க வந்து உக்காந்திருக்கே?"

அத்திம்பேர் இலையைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அந்த முகத்தை நான் நாற்பது வருடமாக வெறுத்துப் படித்தவன்.

"பென்ஷன் பேப்பர்லேர்ந்து உங்கம்மா ஆபரேஷன் பில் வரைக்கும் அவர் கையெழுத்து இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "சாப்பிடற எடத்துல வக்கீல் வேலை பண்ணாதே. ரசத்தைக் கூப்பிடு."

அவள் ரசத்தைக் கூப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அறிக்கை ஆடியில் வந்தது. விதி அப்படியே இருந்தது. ஏவுகிறவர்களே தங்களுக்குச் சான்றிதழ் தந்துகொள்ளலாம். பின்னிணைப்பில் ஒரு வரி: உறுப்பினர் ஒருவர் மாறுபட்ட கருத்துத் தெரிவித்தார். பெயரும் இல்லை, காரணமும் இல்லை. அடுத்த குழுவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை.

அத்திம்பேர் இன்னும் பூங்காவுக்குப் போகிறார். போன வாரம்கூடப் புதிதாக வந்த ஒருவரிடம் மேசைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை வருடம் தொண்ணூற்று நான்கு. நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்குப் போனால் அக்கா மூன்று தட்டுதான் மேசையில் வைக்கிறாள். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள். பேச்சு உண்டு, பண்டிகைக்கு நமஸ்காரம் உண்டு, டாக்டரிடம் அப்பாவை அழைத்துப் போவதும் அவள்தான். ஆனால் அவரோடு ஒரே மேசையில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.